தவிட்டுக்கு வாங்கிய தங்கச்சி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் லேசில் நம்பாத குணம். கடையில் கொடுத்த டொபியைக்கூடப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். "இவ பொலிசுல சேர வேண்டியவ" என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்குள் ஒரு கைப்பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது. அதுவும் பின்கதவு வழியாக.

யட்டியாந்தோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயம். வரிசையாக இருந்த ஒற்றை அறைக் காம்பராக்களில் கடைசி எங்களுடையது. அந்த லயத்தில் நாங்கள் மட்டும்தான் வேதக்காரர்கள். மற்றவர்கள் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அப்பாவுக்கு ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வேலை. அம்மா ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவாள். எனக்குப் பின் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் அம்மா மாதா சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளிலேயே இருப்பாள். அப்படி என்னதான் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். நான் ஒருத்தி இருக்கும்போது இன்னும் என்ன வேண்டும்?

பக்கத்துக் காம்பராவில் அத்தை இருந்தாள். இரத்த சொந்தம் இல்லை. அம்மாவை அவள் மதினி என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அத்தை. அத்தைக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தவழும் முன்பே போய்விட்டன. நான்காவதாக ஒரு பெண் பிறந்தது. தீட்டுக் கழிந்த அன்று அதைத் தலைமுழுக்காட்டி, ஒரு சுளகில் கிடத்தி, எங்கள் பின்வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நடந்ததை அப்பாவைத் துருவித் துருவிக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"மதினி, இந்தப் புள்ளய ஒங்களுக்கு வித்துர்றேன். தவிடு குடுத்து வாங்கிக்கங்க" என்றாளாம் அத்தை.

பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் தவிட்டுக்கு வேறொருத்தியிடம் விற்றுவிட்டால் அது வேறு வீட்டுப் பிள்ளை ஆகிவிடுமாம். எமன் பழைய வாசலில் தேடிப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிவிடுவானாம். பெரும்பாலும் அது பேச்சுக்குச் செய்கிற விற்பனைதான். விற்ற கையோடு பெற்றவளே தூக்கிக்கொண்டு போய் வளர்ப்பாள். அத்தை அதற்குச் சம்மதிக்கவில்லை. தன் காம்பராவுக்குள் இனி அது ஓர் இரவுகூடப் படுக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள்.

"வேதக்காரவுங்க வீட்டுல வந்து எமன் தேட மாட்டான் மதினி. ஒங்க புள்ளயாவே இருக்கட்டும். நான் பால் குடுக்க மட்டும் வந்துட்டுப் போறேன்."

அம்மாவுக்கு இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தாலே ஆகாது. பூனை குறுக்கே போனால் நிற்க மாட்டாள். பல்லி சொன்னால் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டாள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது யாரோ மந்திரித்துக் கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டவள் அவள். "இதெல்லாம் பொய் தாயி. உசுரு ஆண்டவர் கையில இருக்கா, தவிட்டுல இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தை அசையவில்லை. கடைசியில் அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ மனசுக்கு ஆறுதலா இருந்துட்டுப் போகுதே, குடேன்" என்றாராம். அம்மா கோழிகளுக்கு வைத்திருந்த தவிட்டைச் சுளகில் கொட்டிவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

நான் வந்து பார்க்கும்போது, என் பழைய பாவாடையைக் கிழித்துக் கட்டிய ஏணையில் அது தூங்கிக்கொண்டிருந்தது. பாவாடை எனக்குச் சிறியதாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த வாரம் அம்மாவின் தம்பி குருவிட்டவிலிருந்து வந்திருந்தார். மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர். கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஏணைக்குப் பக்கத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒன்னைய மட்டும் என்ன பெத்தா எடுத்தோம்? ஒன்னையும் தவிட்டுக்குத்தான் வாங்குனோம். நீ குண்டா இருந்ததுனால ரெண்டு சொளகு குடுக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருமே இந்தக் கேலியைக் கேட்டுத்தான் வளர்கிறோம். மற்ற வீடுகளில் பிள்ளை கொஞ்ச நேரம் அழும், பிறகு மறந்துவிடும். எங்கள் வீட்டிலோ நிஜமாகவே தவிட்டுக்கு வாங்கிய ஒரு பிள்ளை கண்முன்னால் கிடந்தது. நான் எப்படி மறப்பேன்? வாங்கியதை விற்கவும் செய்யலாமே என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் தவிடு இல்லாவிட்டால் இனி எந்தப் பிள்ளையையும் வாங்க முடியாது. அன்றிலிருந்து யாரும் பார்க்காத நேரத்தில் கோழிகளுக்குத் தவிட்டை வாரி வாரி வைத்தேன். கோழிகள் கொழுத்துப்போய்க் கூட்டுக்குள் ஏற முடியாமல் திணறின. "இதுகளுக்கு என்ன சீக்கு வந்துச்சு?" என்று அம்மா அவற்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

என் சந்தேகமெல்லாம் அத்தை மேல்தான். காலையில் வேலைக்குப் போகும் முன்பும், திரும்பி வந்த பின்பும் பின்வாசலில் வந்து நிற்பாள். "மதினி, ஒங்க புள்ளைக்குப் பசிக்குமே" என்பாள். வாசற்படியைத் தாண்ட மாட்டாள். படியிலேயே உட்கார்ந்து பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் வாயைத் துடைத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விடுவாள். ஒரு நாள்கூட அதற்கு முத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. சும்மா வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு உள்ளே ஏதோ ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன்.

லயத்துச் சனங்களுக்கோ எங்கள் மேல் சந்தேகம். "வேதத்துல சேக்கத்தான் வாங்குனாங்க" என்று பைப்படியில் பேசிக்கொண்டார்கள். ஒரு பக்கம் பார்த்தால் அவர்கள் சொன்னபடியேதான் நடந்தது. அம்மா ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்தாள். பெற்றவள் சம்மதிக்காமல் முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டதால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். "அது அவுங்க புள்ள சாமி. அவுங்க சாமி பேரையே வைங்க" என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய், கொட்டுகிற மழையில் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். எல்லாம் முடியும்வரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, என் சிலேட்டை உடைத்தது. ஒரு தடவை சளி நெஞ்சில் கட்டி, யட்டியாந்தோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அத்தையும் கூடவே வந்தாள். சிங்கள நர்ஸ் துண்டு எழுதிக்கொண்டே, "மே ளமயா காகெத?" என்று கேட்டாள். பிள்ளை யாருடையது என்று கேட்கிறாள் என்பது மூன்று பேருக்குமே புரிந்தது. அத்தை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா, "மகே" என்றாள். என்னுடையது. யோசிக்காமல், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். பொய் சொல்வது பாவம் என்று என்னை வாரந்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புகிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பிறகு இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொண்டதில், ஊருக்குப் போகிற பேச்சு வந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். எங்களுக்கு இங்கேயே இருக்கக் கிடைத்தது. அத்தை குடும்பத்துக்குப் பாஸ்போட் வந்தது. தங்கச்சியின் பெயரும் அவர்களோடு சேர்ந்தே வந்திருந்தது, கூட்டிக்கொண்டு போகத் தடை ஒன்றும் இல்லை. அத்தை வீட்டுக்காரர் தகரப் பெட்டி வாங்கிவந்து பெயர் எழுதினார். தலைமன்னாரில் கப்பல் ஏறுகிற கதையை லயமே பேசியது.

அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தையின் திட்டம் இதுதான் என்று எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நம் வீட்டுச் சோற்றில் வளர்த்துக்கொண்டு, கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு போகப் போகிறாள். போனால் போகட்டும், ஏணைக்கயிறும் சிலேட்டும் எனக்கே மிஞ்சும் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே தங்கச்சியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அவள் ஒதுங்கப் போனால்கூடக் கூடவே போனேன். எனக்கு அவள் மேல் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை ஒத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் அடை மழை. பால் வெட்டு இல்லை. எல்லாரும் வீட்டில் இருந்தோம். பின்வாசலில் அத்தை வந்து நின்றாள். இடுப்பில் சுளகு இருந்தது. மழை படாமல் முந்தானையால் மூடியிருந்தாள். மூடியிருந்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கச்சியை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அத்தை படியில் உட்காரவில்லை. முந்தானையை விலக்கிவிட்டு, தவிட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"மதினி, திரும்ப வாங்கிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். ஆனா பயமா இருக்கு. இங்க இருந்ததுனாலதான் இது தங்குச்சு. அங்க கூட்டிட்டுப் போயி, மறுபடியும் என் புள்ளன்னு எமனுக்குத் தெரிஞ்சு..." பிறகு நிமிர்ந்தாள். "நீங்க வேதம் படிச்சவுங்க. நீங்க சொல்லுங்க மதினி. கூட்டிட்டுப் போனா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல? ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னா நான் தூக்கிட்டுப் போயிர்றேன்."

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கூரைத் தகரத்தில் மழை சத்தமாக இருந்தது. அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"எனக்கு எப்புடித் தெரியும் தாயி?" என்றாள்.

அத்தை தலையை ஆட்டினாள், எதிர்பார்த்து வந்த பதில்தான் என்பதுபோல. தங்கச்சியைக் கிட்டே கூப்பிடவும் இல்லை. சுளகை முந்தானையால் திரும்ப மூடி, நனையாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள். மறுநாள் லொறி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. வழியனுப்ப லயமே கூடி நின்றது. அம்மா மட்டும் தலைவலி என்று படுத்திருந்தாள்.

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போக அத்தைக்கு எப்படித்தான் மனம் வந்ததோ, அவளுக்குக் கல் நெஞ்சு என்று நான் பல வருடம் சொல்லித் திரிந்தேன். தங்கச்சியிடமே சொல்லியிருக்கிறேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அரிசியைக் களைந்துகொண்டிருப்பாள். தவிட்டை நம்பியதால்தான் அத்தை பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்பதோ, ஒரு நாளும் அதை நம்பாத அம்மாவின் ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அந்த மழையில் வந்து நின்றாள் என்பதோ அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த லயத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், அம்மாவுக்கு அன்று நிஜமாகவே பதில் தெரியாது என்று நம்பினேன்.