வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து

காத்தாயி எங்கள் வீட்டு ஆடுகளை மேய்த்தவர் அல்ல. போன வியாழக்கிழமை பால்காரர், "உங்க ஆட்டுக்காரம்மா போயிட்டாங்களாம்மா" என்று செய்தி சொன்னபோதே திருத்தினேன். அவர் நடவு நட்டும் அறுப்பு அறுத்தும் வாழ்ந்தவர். தமக்கென்று நான்கு ஆடுகள் வைத்திருந்தார். சினை ஆட்டின் வயிற்றைத் தொட்டு நாள் சொல்வார் என்பதால் ஊரே அவரைக் கூப்பிடும், நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

கூலிப் போராட்டத்தின்போது அவர் மிராசுதார் வீடான எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்களாம். என் நாத்தனாரோ, அவர் கட்டுப்பாட்டை மீறி எங்கள் கொட்டகைக்குள் வந்து ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தார் என்கிறார். இரண்டும் தவறு. அங்கே இருந்தவள் நான்.

அப்போது கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. அறுப்புக் கூலி உயரும்வரை எங்கள் நிலத்தில் யாரும் கால் வைப்பதில்லை என்று கூலியாட்கள் தங்கள் தெருவில் முடிவெடுத்தார்கள். அவர்களில் யாரையும் கூப்பிடுவதில்லை என்று என் கணவர் வீட்டில் முடிவெடுத்தார். நடுவில் வாய்க்கால், இந்தக் கரை எங்கள் கொல்லை, அந்தக் கரை புறம்போக்கு. கரையை ஒட்டித் திறந்திருந்த கொட்டகையில் என் கறுப்பு ஆடு முதல் சினையாக நின்றது.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான்; எதையும் எழுதிவைப்பேன். கிடாவோடு விட்ட நாளைக் குறித்து, ஐந்து மாதம் எண்ணி, காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். கொட்டகையைக் கூட்டிச் சுண்ணாம்பு தூவி, காய்ந்த வைக்கோல் பரப்பினேன். புது பிளேடு, நூல், டிஞ்சர், கிழித்த வேட்டித் துணி எல்லாம் ஒரு தட்டில் தயாராக இருந்தன. வட்டமிட்ட நாள் கடந்து பதினெட்டு நாளாகியும் ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குட்டி உள்ளேயே செத்துவிட்டதோ என்று பயந்து, மூங்கில் குழாயில் விளக்கெண்ணெய் ஊற்றிப் புகட்டப் போனேன்.

"என்னம்மா செய்றீங்க?" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது. காத்தாயி புல் அறுத்துக்கொண்டிருந்தார். கூட நான்கு பெண்கள்.

"நாள் தாண்டிடுச்சு. கணக்கு வச்சிருக்கேன்."

"யாரு நாளு? உங்க நாளா, ஆட்டு நாளா? கிடாகிட்ட விட்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி ஊரே கேக்கக் கத்துச்சே, உங்க காதுல விழலியா? மொதல்ல விட்டது நிக்கல. அப்புறம் கிடா வேலியத் தாண்டி வந்துச்சு பாருங்க, அதுலதான் பிடிச்சுது. எண்ணெயக் கீழ ஊத்துங்க."

ஊற்றினேன். சினை நிற்காத ஆடு மூன்று வாரத்தில் மறுபடி கத்தும் என்பது என் குறிப்பேட்டில் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆடு வலியெடுத்துப் படுத்தது. வெகுநேரம் முக்கியும், ஒரு குளம்பும் மூக்கும் மட்டுமே வெளியே தெரிந்தன. நான் வாய்க்கால் கரைக்கு ஓடினேன். அவர் அங்கே இருந்தார்.

"வா காத்தாயி!" என்றேன். அன்று அவரை ஒருமையில்தான் அழைத்தேன்.

"கால் வைக்கக் கூடாதுன்னுதானேம்மா கட்டுப்பாடு. பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லல. மொதல்ல நகத்த வெட்டிட்டு, கையில எண்ணெயத் தடவுங்க. வளையல்லாம் எதுக்கு, கல்யாணத்துக்கா போறீங்க?"

"மிராசு வீட்டம்மா எண்ணெய் தடவுறாங்கடி, வந்து பாருங்கடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"வாய மூடுடி. அம்மா, ஒரு கால் உள்ள மடங்கிக் கெடக்கும். தலையப் பையத் தள்ளிட்டு அந்தக் காலத் தேடுங்க. அது முக்கும்போது தள்ளாதீங்க. கெடச்சுதா?"

"கிடைக்கல!"

"தேடுங்க. அவசரப்பட்டா அது செத்துப்போயிடும்."

கிடைத்தது. மடங்கிய காலை நேராக்கி, ஆடு முக்கும்போது மட்டும் கூடச் சேர்ந்து இழுத்தேன். குட்டி வந்தது; கால் மணி நேரத்தில் இன்னொன்றும் தானாக விழுந்தது. "நஞ்சுக்கொடி தானா விழும், பிடிச்சு இழுக்காதீங்க. சீம்பால ஒடனே ஊட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டு, புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

கூலித் தகராறு தீர்ந்த பிறகு ஒரு குட்டியை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அது எங்கள் வாசலில் கட்டியிருந்தது. குளிப்பாட்டி, கையால் திரித்த புதுக் கயிறு போட்டிருந்தார். மறுப்பென்றால் கயிறு எதற்கு? அன்பென்றால் குட்டியை ஏன் திருப்ப வேண்டும்? பிறகு அவர் எங்கள் கொல்லைக்கு வரவே இல்லை. எங்களோடு பேசியதற்காக ஒரு வருடம் தெருவில் யாரும் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் இன்னொருவர். சில வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "என்னால உங்களுக்கு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டேன். "குட்டி நல்லாப் பால் குடிச்சுதா, அதச் சொல்லுங்க" என்றார். அந்தக் குட்டி வளர்ந்து, பலமுறை ஈன்று, செத்தும் போயிருந்தது. கேலியா, அக்கறையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தக் கயிறு ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்பது ஒரு பதிலைப் பொறுத்தது.

காத்தாயியின் மகள் முத்துப்பேட்டையில் ஆசிரியையாக இருப்பதாக அறிகிறேன். இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், அம்மா, உங்கள் தாயார் அக்கரையில் நின்று என்னோடு பேசியதற்காகத் தெருவில் ஒதுக்கிவைக்கப்பட்டாரா? என் மனம் நோகும் என்று எதையும் குறைத்துச் சொல்ல வேண்டாம். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை; தொலைபேசி வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.