அத்திப்பட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, பாய்

பித்தளைக் குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. யூசுப் பாயின் மகன். “மேரிக்கா, அத்தா மவுத்தாயிட்டாரு.” கையிலிருந்த குழாயைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. யூசுப் பாய் போய்விட்டார்.

திருவொற்றியூரில் எங்கள் காயலான் கடைக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கழுத்தில் கயிறு, கயிற்றில் காந்தம். சாமான் எவ்வளவு மினுக்கினாலும் காந்தம் வைத்துப் பார்க்காமல் அதற்குப் பேர் சொல்லமாட்டார். ஒருமுறை நான் அவசரப்பட்டு, “சுத்தப் பித்தளை பாய்” என்றேன். காந்தம் டக்கென்று ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே முலாம். “கண்ணு பாத்துச்சு, காந்தம் பாக்கலியேம்மா” என்றார். அந்த வாரம் முழுக்க நான் ‘பித்தளை மேரி’.

ஒருநாள் டீ குடிக்கும்போது போனில் ஒரு செய்தி காட்டினார். வானத்தில் இரும்பும் நிக்கலும் நிறைய இருக்கும் என்று நினைக்கிற ஒரு பெரிய பாறை. அதைப் பார்க்க ஆளில்லாத விண்கலம் கிளம்பியிருக்கிறது. போய்ச்சேரப் பல வருஷம் ஆகுமாம்.

“லோடு எப்போ வரும் பாய்? லாரிக்குச் சொல்லட்டா?”

“எடுத்துகினு வர்றதுக்கு இல்ல வாயாடி. சுத்திச் சுத்தி வந்து இரும்பான்னு பாக்கத்தான். காந்தம் இருக்கான்னு பாக்குற கருவி அதுலயும் கீதாம். நம்ம வேலதான்!”

அப்புறம் அவருக்கு நுரையீரல் கெட்டது. படுக்கையில் கிடந்தாலும் என்னைக் கண்டால் ஒரே கேள்விதான்: “எங்க போய்க்கினு கீது?” வானத்துத் தூரம் எனக்கு என்ன தெரியும்? விண்கலம் ராயபுரத்தில் கிளம்பியதாக வைத்துக்கொண்டேன். பாறை வடக்கே, எர்ணாவூரெல்லாம் தாண்டி, அத்திப்பட்டில். “டோல்கேட் சிக்னல்ல நிக்குது பாய். முன்னாடி கன்டெய்னர் லாரி.” சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அவர் மனைவி என்னை முறைப்பார். பாயோ, “அது போய்ச் சேர்றத மட்டும் பாத்துட்டா போதும் மேரி” என்பார்.

கடைசியாகப் போனபோது அவருக்கு மூச்சே பெரிய வேலையாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. “அத்திப்பட்டு வந்துடுச்சு பாய். அத்தனையும் இரும்புதான்” என்றேன்.

கண் திறக்கவில்லை. கை மட்டும் கழுத்தைத் தடவியது. “யாரு காந்தம் வச்சுப் பாத்தா? பாக்காம பேர் சொல்லாத. நான் இல்லன்னா இன்னா, நீ இருந்து பாரு.” காந்தக் கயிற்றைக் கழற்றி என்னிடம் கொடுக்கும்படி மனைவியிடம் சொன்னார்.

காந்தம் இப்போது என் கழுத்தில் கிடக்கிறது. கனம்தான். முட்டியும் முன்போல் இல்லை. காலையில் கடையைத் திறந்தால் கேட்க ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்: இன்னும் எர்ணாவூர்கூடத் தாண்டவில்லை பாய். பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.