உர்சுலாவின் முப்பத்தெட்டு நிமிடங்கள்

நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன். இருபத்திரண்டு வருடமாகக் காதை நம்பித்தான் பிழைப்பு. அதனால் அன்று நான் கேட்டதைப் பிரமை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரங்களை என் வேலைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

முதலில் உர்சுலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் வளர்ந்த பெண். தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசிக்கத் தொடங்கியவள், உபகாரச் சம்பளம் கிடைத்து வியன்னாவில் போய்ப் படித்தாள். தோக்கியோ, பெர்லின், லண்டன் என்று பெரிய பெரிய மேடைகளில் வாசித்தாள். சிங்கப்பூரில் நிகழ்ச்சி என்றால் மட்டும், "கபிலண்ணே டியூன் பண்ணாதான் உட்காருவேன்" என்பாள்.

முப்பத்தாறு வயதில் அவளுடைய வலது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கத் தொடங்கின. வலி இல்லை. சட்டைப் பொத்தான் போடும்போது மடங்காது. எழுதும்போது மடங்காது. பியானோவில் வைத்தால் மட்டும் மடங்கும். மருத்துவர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். மருந்து சொல்லவில்லை.

கடைசி நிகழ்ச்சியில், சொனாட்டா என்ற, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட இசைப்படைப்பை இரண்டாம் பகுதியிலேயே நிறுத்திவிட்டாள். எழுந்து, குனிந்து வணங்கி, உள்ளே வந்தாள். மேடைக்குப் பின்னால் நின்ற என்னிடம், "மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க நல்லாத்தான் டியூன் பண்ணியிருந்தீங்க" என்றாள்.

அதன்பிறகு ஐந்து வருடம் அவள் வாசிக்கவே இல்லை. அப்பா அலெக்சாண்டருடன் பிடோக் வீட்டில் இருந்தாள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடுவாள்.

"வாசிக்காத பியானோவுக்கு எதுக்கும்மா டியூனிங்?"

"அது என்ன தப்பு பண்ணுச்சு? பாவம் லா."

போன ஆகஸ்ட். செவ்வாய்க்கிழமை. மாலை 4:35. முன்பே குறித்த நேரம்தான். ஒன்பதாவது மாடியில் மணியை அழுத்தினேன். உர்சுலாவே கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே."

அவ்வளவுதான். எப்போதும் கோப்பி வேண்டுமா என்று கேட்பாள். கேட்கவில்லை. வீடு புழுங்கியது. மின்விசிறி ஓடவில்லை. மேசையில் பாதி குடித்த கோப்பி. அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை...

பியானோவைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளிப் பட்டையைச் செருகினேன். ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். இரண்டை அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டுத்தான் சரிபார்ப்போம். ஒரு கட்டையைத் தட்டினேன். சரியாக இருந்தது. அடுத்தது... சரி. எல்லாமே சரி. ஆறு மாதக் கடற்காற்றில் ஒரு கம்பிகூடச் சுருதி விலகவில்லை. அப்படி நடக்கவே நடக்காது.

"கொஞ்சம் எந்திரிங்கண்ணே."

மணி 5:14. அவள் உட்கார்ந்தாள்.

அதே சொனாட்டா. விரல்கள் மடங்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மேடையில் நிறுத்திய இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்... தாண்டிவிட்டாள்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். வெறும் கால்கள். இரண்டும் தரையில் சேர்ந்து இருந்தன. மிதிகட்டை அசையவில்லை. ஆனால் மிதித்தால் வரும் அந்த நீண்ட ஒலி வந்துகொண்டே இருந்தது.

"உர்சுலா..."

திரும்பவில்லை.

நான்காம் பகுதி. ஒலி அறை முழுக்கப் பெருகியது. மூன்று கம்பிகளும் சேர்ந்து தரும் ஒலி.

மூன்று கம்பிகளா?

பட்டையை நான் எடுக்கவே இல்லையே...

எட்டிப் பார்த்தேன். சிவப்பாக, அங்கேயே இருந்தது.

கடைசிச் சுரம்.

5:52.

இருக்கையில் யாரும் இல்லை.

கருவிப் பையை அப்படியே விட்டுவிட்டு ஒன்பது மாடியும் படியில் ஓடி இறங்கினேன். 6:03-க்கு அலெக்சாண்டர் அங்கிளை அழைத்தேன்.

"கபிலன்... உனக்குச் சொல்ல மறந்துட்டேன்பா. ஞாயித்துக்கிழமைலேருந்து புள்ள ஆஸ்பத்திரியில. மூளையில ரத்தக்கசிவு. கண்ணே திறக்கல." குரல் உடைந்தது. "இப்பதான்... இப்பதான் போயிட்டா."

நான் ஒன்பதாவது மாடியை நிமிர்ந்து பார்த்தேன்.

"வீட்டுக்குப் போயிடாத. பூட்டியிருக்கு. சாவி ரெண்டும் என்கிட்டதான் இருக்கு."

மறுநாள், அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். அனுப்ரியா, ஆஸ்பத்திரியில் உர்சுலாவைப் பார்த்துக்கொண்ட தாதி.

"அங்கிள், உங்க பொண்ணு பியானோ வாசிப்பாங்களா?"

அவர் தலையசைத்தார்.

"மூணு நாளா அசைவே இல்ல. கடைசி நாள் சாயங்காலம் ரெண்டு கையும் போர்வை மேல ஓட ஆரம்பிச்சது. வலிப்புன்னு நெனச்சு டாக்டரக் கூப்பிட்டேன். வலிப்பு இல்லன்னுட்டார். நேரத்த எழுதி வச்சேன். 5:14-லேருந்து 5:52 வரைக்கும். அப்புறம் கை நின்னுச்சு. அதோட எல்லாமே..."

அங்கிள் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். தாதியிடம் அல்ல, என்னிடம்.

"முழுசா வாசிச்சு முடிச்சாளா?"

"முடிச்சிட்டா, அங்கிள்."

உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.