கயிறு யார் கையில்?

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. சாத்தான்குளத்துக்காரியான எனக்கு அப்போது வாயும் அதிகம், கோபமும் அதிகம். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களே என்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஓர் ஆங்கில விஞ்ஞான நாவலைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை கிழிந்திருந்ததால் பெயர்கூடத் தெரியாது. வேறொரு கிரகத்தின் கடலுக்குள் ஒருவன் இறங்குகிறான் என்பது கதை.

தலைமையாசிரியைக்கு இது அறவே பிடிக்கவில்லை. "பரீட்சைக்கு இல்லாத கதை எதுக்கு? இந்த வெள்ளிக்கிழமை நான் வந்து உட்காருதேன். பிரயோஜனம் இல்லன்னா இதோட நிறுத்திரணும்" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி வந்து உட்கார்ந்தார். நான் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

கதாநாயகன் இடுப்பில் கயிறு கட்டிக் குதிக்கிறான். மறுமுனையைப் படகில் ஓர் இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில், அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி எழுந்தாள். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவரின் மகள்.

"டீச்சர், இது சரியில்ல. மெஷின்கிட்ட போயி கயித்தக் குடுப்பாவளா?"

போச்சுடா, இன்றைக்குப் பார்த்தா இவளுக்கு வாய் திறக்க வேண்டும் என்ற எரிச்சலில் "உட்காரு" என்றேன். அவள் உட்காரவில்லை.

"எங்கப்பா கடல்ல முங்கினா, எங்கம்மா கூடப்பொறந்த மாமாதான் மேல கயிறு பிடிப்பாவ. கைய விட்டா அவிய அக்கா தாலில்லா போவும்? அந்த மெஷினுக்கு அக்கா தங்கச்சி உண்டா டீச்சர்?"

வகுப்பே விழித்துக்கொண்டது. இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வான், அந்தக் கிரகத்தில் அவனுக்கு மச்சான் எங்கே கிடைப்பான் என்று ஆளாளுக்குச் சண்டை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "முதல்ல அவனுக்குக் கல்யாணத்தப் பண்ணி வைங்க டீச்சர்" என்றாள். தலைமையாசிரியையே சிரித்துவிட்டார்.

மணி அடித்ததும் என்னிடம் வந்து, "அடுத்த வாரமும் வாரேன். அவன் மேல வந்தானா இல்லியான்னு தெரியணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

பிறகு எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் படித்து முதல் மார்க் வாங்கிவிட்டார்கள்; ஆனாலும் அச்சில் வந்த புத்தகத்தையே தப்பு என்று, நான் அதட்டியும் உட்காராமல் நின்று சொன்ன பிள்ளைக்கு நான் டீச்சர் என்பதில்தான் இன்றைக்கும் எனக்குப் பெருமை.