ஏப்ரலில் விலகியவர்

என் ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. என் கீழ் வேலை பார்த்த ஒருவருக்கு அது கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இதை அவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு தனவந்தர் அரசு மானியத்தில் நடத்திய பள்ளியில் நான் தலைமையாசிரியர். அவரை மேனேஜர் என்போம். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருடம் அங்கே ஓர் உதவி ஆசிரியர் வந்து சேர்ந்தார். மீமிசல்காரர். பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, யுத்தத்தின்போது எல்லாவற்றையும் விட்டு நடந்தே ஊர் திரும்பியவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம்.

மேனேஜருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏப்ரல் கடைசி வேலை நாளில் உதவி ஆசிரியர்கள் அனைவரையும் பணியிலிருந்து விடுவித்துவிடுவார். ஜூனில் அவர்களையே மறுபடி நியமிப்பார். கோடை விடுமுறைச் சம்பளம் அவருக்கு மிச்சம். விதிப்படி இது தவறு. விடுவிப்புச் சீட்டுகளை என் கையால்தான் எழுதிக் கொடுப்பேன். ஜூனில் வருகிறவர் அந்தச் சீட்டைத் திருப்பித் தந்தால்தான் வேலை. வாங்கிக் கிழித்துப் போடுவதும் நானே. தலைமையாசிரியரை மட்டும் விடுவிப்பதில்லை.

கோடையில் பாய் மீமிசல் போய், மைத்துனரின் கருவாட்டுக் கடையில் எடை பார்ப்பார். திரும்பி வரும்போது எனக்கும் ஓலைப்பெட்டியில் கொஞ்சம் கொண்டுவருவார். "மேனேஜர் தள்ளிவிட்டாரு, கடலு சேத்துக்கிருச்சு சார்" என்று சிரிப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்காகக் காத்திருப்போம்.

ஒரு வருடம் பள்ளி ஆய்வாளர் கண்டிக்கவே அந்த வழக்கம் நின்றது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, மானியப் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று வகைப் பலன் தரும் திட்டம் வந்தது. மாத ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு. அதுவரை ஓய்வு என்றால் கொஞ்சம் சேமநிதிப் பணமும் ஒரு பூமாலையும்தான். சுற்றறிக்கையை நான் படித்துக் காட்டியதும் பாய் அன்றைக்கே எல்லாவற்றையும் பங்கு போட்டுவிட்டார்.

"பென்சன் எனக்கும் வீட்டுக்காரிக்கும் சோத்துக்கு. பிராவிடண்ட் பண்டு கடைசி மக கலியாணத்துக்கு. நடுவுல நான் போயிட்டா வீட்டுக்காரிக்கு இன்சூரன்ஸ். ஆளுக்கு ஒண்ணு, சண்டையே இல்ல."

"இன்சூரன்ஸ் காசு செத்தாத்தான் வருமாம் பாய்" என்றார் இளவயது ஆசிரியர் ஒருவர்.

"அப்ப மொதல்ல நீங்க போயி, வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம்.

ஓய்வூதியத்துக்கு இடைவெளியில்லாத பணி இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று விதி. பணிப் பதிவேட்டில் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே விட்டுப்போன ஒவ்வொரு கோடைக்கும் காரணம் எழுதச் சொல்லிப் புதுக்கோட்டைக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'நிர்வாகத்தால் விடுவிக்கப்பட்டார்' என்று எழுதினால் இடைவெளியைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் மேனேஜர் அத்தனை கோடைச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டிவரும். 'தாமாக விலகினார்' என்று எழுதினால் முந்தைய பணி அழிந்துபோகும். மற்றவர்கள் இளைஞர்கள், இனிமேல் வேலை பார்த்து வருடங்களைச் சேர்த்துக்கொள்ள முடியும். பாய்க்கு ஓய்வு நெருங்கியிருந்தது.

மேனேஜர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒங்க தம்பி டிரெயினிங் முடிச்சிட்டு சும்மாத்தானே இருக்காப்ல? பாய் எடம் காலியாகுமுல்ல, பாத்துக்கிருவோம். பதிவேட்ட மட்டும் பாத்து எழுதுங்க."

அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டினார் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். மற்றவர்களுக்கு 'தாமாக விலகினார்' என்பதோடு நிறுத்தினேன். பாய் பெயருக்கு நேரே மட்டும், யாரும் சந்தேகப்படாதபடி, 'மீமிசலில் கருவாட்டு வியாபாரம் நிமித்தம் தாமாக விலகினார்' என்று ஒவ்வொரு வருடத்துக்கும் எழுதினேன். எனக்கு அது தெரிந்தது அவர் சிநேகிதத்தோடு சொன்னதால்தான்.

பாய் ஓய்வு பெற்ற சில மாதங்களில், ஓய்வூதியத்துக்குத் தகுதியில்லை என்று அவருக்குக் கடிதம் வந்தது. காரணமும் அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வகுப்பில் என் தம்பி பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"வருசா வருசம் அந்தச் சீட்ட ஒங்க கையிலதானே சார் வாங்குனேன்?"

"ஆபீஸ்ல கேட்டாங்க பாய்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க சார். நானா போகல, அனுப்புனாங்கன்னு. அது போதும்."

"பாக்கலாம்" என்றேன். சேமநிதி மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது. அவர் மீமிசலுக்கே போய்விட்டார்.

பிறகு மேனேஜர் காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் வாங்கிய முதல் வருடத்தில், பொய்க் காரணம் எழுதியவன் நானே என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு மீமிசல் போனேன். பாய் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூட்டையை இழுத்து வைக்க இன்னொருவர் வேண்டியிருந்தது.

"என்ன சார், இங்கிட்டு? வாங்க."

கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நீங்களே கொண்டுபோயிக் குடுத்துருங்க சார். நான் குடுத்தா, கருவாட்டு வாத்தியாரு தானா எழுதிக்கிட்டு வந்துட்டாருன்னுருவாங்க. எப்பக் குடுப்பீங்க?"

"இன்னிக்கே."

கடைக்குப் பின்னால் வீடு. அந்தப் பக்கம் திரும்பி, "சாரு நம்ம பென்சன் வெசயமா ஆபீசுக்குப் போறாரு, வெரசா டீ போடு" என்று குரல் கொடுத்தார்.

மதியம் புதுக்கோட்டையில் இறங்கினேன். அலுவலகம் திறந்திருந்தது. பொய்ப் பதிவு எழுதியதை ஒப்புக்கொண்டால் என் ஓய்வூதியத்தை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வழியெல்லாம் அதை மட்டுமே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். பிறகு கறம்பக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பாயிடமிருந்து தபால் கார்டு வந்தது. பதில் வர எத்தனை நாளாகும் என்று கேட்டிருந்தார். நான் எழுதவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.