அனுமந்தைச் சாலையில் உப்பில்லாத கஞ்சி

மே 18, காலை ஏழு மணி. மரக்காணத்தில் பேருந்தைவிட்டு இறங்கும்போதே வெயில் உறைத்தது. உப்பளங்களில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பாத்திகளின் வரப்புகளில் வெள்ளைக் குவியல்கள் எழுந்திருந்தன. நான் உப்பைப் பார்க்க வரவில்லை. தெற்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில், அனுமந்தைக்கு அருகே, முகாமில் வாழும் ஈழத் தமிழர்கள் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்களைச் சாலையோரத்தில் நினைவுகூர்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தேன். ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

"கஞ்சி ஊத்துற எடமா சார்?" என்றார் ஓட்டுநர். "போன வருஷம் நான் பாட்டுக்கு, 'இன்னாம்மா, ஆடி மாசமே வரல, அதுக்குள்ள கூழா? கருவாட்டுக் கொழம்பு எங்க?'ன்னு கேட்டுட்டேன். அப்புறந்தான் வெவரம் சொன்னாங்க. ஒரு மாதிரியா ஆயிடுச்சு சார்."

எட்டு மணிக்கு நான் சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் செங்கல் அடுப்பில் பெரிய அலுமினியப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் அகல் விளக்குகள். படங்கள் இல்லை. ஒலிபெருக்கியும் இல்லை, பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்ததாம். பெயின்டர் வேலை செய்யும் தவராசா கூட்டத்துக்குப் பொறுப்பு. கஞ்சிக்கு யோகேஸ்வரி. ஐம்பதைத் தாண்டியவர், போர் முடிந்த மறு வருடம் படகில் வந்தவர். அங்கே அந்தக் கடைசி நாட்களில் மகனைப் பறிகொடுத்தவர் என்று தவராசா தணிந்த குரலில் சொன்னார்.

கஞ்சியில் அரிசியும் தண்ணீரும் மட்டுமே. முற்றுகைக்குள் சிக்கியிருந்த மக்களுக்குக் கடைசியில் கிடைத்தது அவ்வளவுதான். சில இடங்களில் உப்புப் போடுகிறார்கள். இங்கே போடுவதில்லை.

"ஏன் அப்படி?" என்று யோகேஸ்வரியிடம் கேட்டேன்.

"நாங்கள் அண்டைக்குக் குடிச்சது உப்பில்லாமல். உப்புப் போட்டால் அது அந்தக் கஞ்சி இல்லை." அகப்பையை நிறுத்தாமலே சொன்னார். "எனக்கு வேற என்ன இருக்கு? வருசத்தில ஒருநாள் இதைச் சரியாச் செய்ய வேணும்."

வண்டிகள் நின்றன. லாரிக்காரர்கள், புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள், கோட்டக்குப்பத்துக்குத் திரும்பும் ஒரு குடும்பம். எல்லோருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி. கொடுக்கும்போது தவராசா இரண்டே வாக்கியம் சொல்வார்: இது எந்த நாள், இதை யார் குடித்தார்கள். யாரையும் ஏசவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எத்தனையோ அஞ்சலிக் கூட்டங்களுக்குச் செய்தி எழுதப் போயிருக்கிறேன். குடித்தவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் நின்று, பிறகு வண்டியை எடுத்ததை இங்கேதான் பார்த்தேன்.

ஒன்பதைத் தாண்டியதும், உப்பளத்திலிருந்து திரும்பும் பெண்களோடு ஒரு வேன் வந்து நின்றது. தவராசா அப்போது முகாமிலிருந்து தண்ணீர் எடுத்துவரப் போயிருந்தார். யோகேஸ்வரி மேசையருகே அணைந்த விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முதலில் இறங்கிய அஞ்சலை என்ற பெண், தானே ஒரு சிரட்டை மொண்டு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அய்ய, உப்பே போடல! உப்பளத்துக்குப் பக்கத்துல இருந்துகினு உப்பு இல்லாத கஞ்சியா? ஏண்டி செல்வி, அந்தப் பையை எடு."

வீட்டுக்கு எடுத்துப்போகும் கல்லுப்பு அது. யாரும் தடுக்குமுன் ஒரு கை அள்ளிப் பானைக்குள் போட்டு, அகப்பையால் துழாவியும் விட்டார். "இப்பக் குடிங்க, சோக்கா இருக்கும்!"

முகாம் பெண்கள் பதறி ஓடி வந்தார்கள். குடத்தோடு வந்த தவராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன வேலையம்மா செய்தனீங்கள்?" என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னார். "இதை நிலத்தில ஊத்துவம். திரும்பக் காய்ச்சுவம்."

"பத்துக்குள்ள எப்பிடி?" என்றாள் முகாம் பெண் ஒருத்தி.

அஞ்சலையின் கையில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. "தெரியாம போட்டுட்டேன்க்கா. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எங்க ஊர்ல உப்பு இல்லாம யாருக்கும் ஒண்ணும் குடுக்கமாட்டோம்."

யோகேஸ்வரி பானையருகே வந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ஊத்த வேண்டாம்," என்றார். "என்ர பெடியன் அண்டைக்கு உப்புக் கேட்டவன். உப்பில்லாமல் இறங்குதில்லை அம்மா எண்டவன். கடல்தண்ணி கொஞ்சம் கலந்து குடுப்பம் எண்டு நான் கரைக்குப் போனனான். திரும்பி வரேக்கை நாங்கள் பதுங்கியிருந்த பங்கரும் இல்லை, பிள்ளையும் இல்லை."

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் தனக்கு இது தெரியாது என்று தவராசா பிறகு என்னிடம் சொன்னார்.

அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "பையன் பேரு இன்னாக்கா?"

"நிருஜன்."

யோகேஸ்வரி ஒரு சிரட்டையைக் கழுவி, அந்தக் கஞ்சியையே ஊற்றி, விளக்குகளுக்கு நடுவே வைத்தார். வேனிலிருந்து மற்றப் பெண்களும் இறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு சிரட்டை வாங்கிக் குடித்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பானை காலியானது.

பேருந்துக்குக் காத்திருந்தபோது செங்கல்லை அடுக்கி, சாம்பலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் ஊரில் நினைவிடங்களுக்கு இரும்பு வேலியும் பூட்டும் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துத்தான் உள்ளே போக வேண்டும். இங்கே பத்து மணிக்குமேல் ஈரத் தரை மட்டும் மிஞ்சியது. ஆனால் வேன் புறப்படும்போது ஜன்னலில் கை வைத்து யோகேஸ்வரி அஞ்சலையிடம் சொன்னது எனக்குக் கேட்டது:

"வாற வருசமும் வா பிள்ளை. உப்பு நீதான் போடவேணும்."