சற்குணத்தின் ஏழூற்று நாடு

சற்குணம் நில அலுவலகத்தில் கோப்புக் குமாஸ்தா. பினாங்கில் அவர் கை படாத நிலப் பத்திரம் இல்லை என்பார்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. குவீன் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். ஆனால் மனிதருக்கு ஒரு நாடே இருந்தது. ஏழூற்று நாடு என்று பெயர். எட்டு வருஷமாக அவரே தாளில் கட்டி எழுப்பியது: மலைகள், ஆறுகள், பதினொரு ராஜாக்கள், பேய் உலவும் ஒரு காடு.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு விளையாட்டு. லண்டனில் படித்த சிநேகிதர் ஒருவர் எழுபத்தெட்டில் கொண்டுவந்தது. ஒருவர் நாட்டையும் அங்கே நடப்பதையும் சொல்லவேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ வேஷம் ஏற்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கூட ஆடிய இருவரில் ஒருவர் பெர்த்துக்கும் மற்றவர் சிங்கப்பூருக்கும் போய்விட, இரண்டு வருஷமாக நாட்டில் ஈ காக்கை இல்லை.

நூல்நிலைய அறிவிப்புப் பலகையில், ஆட ஆள் தேவை என்று ஒரு சீட்டு ஒட்டிப் பார்த்தார். எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் மணி சேஞ்சர் கடையில் வேலை பார்த்த ஜபருல்லா ஒருவன். கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்த புஷ்பராணி, பஸ் பிடித்து ஃபெரி ஏறி வந்திருந்தாள். இவர்களும் நழுவிவிட்டால் கோப்புகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான் என்று சற்குணம் முடிவு செய்திருந்தார். காலையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளுக்கொரு கோப்பைக் கொடுத்தார். நாற்பத்திரண்டு பக்கம். பத்திக்குப் பத்தி எண், கடைசியில் பின்னிணைப்பு அ, ஆ, இ. இருபது வருஷ உத்தியோகம் மனிதரைச் சும்மா விடுமா? “முதல் பத்தி, நாட்டின் எல்லைகள்” என்று கணீரென்று வாசிக்கத் தொடங்கினார். எட்டாம் பத்தியில் மூன்றாம் ராஜாவின் வாரிசுத் தகராறு வந்தபோது ஜபருல்லா ஒரு கொட்டாவியை விழுங்கினான்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாங்க எப்ப விளையாடுறதுலா?”

“பின்னிணைப்பு இ முடிஞ்சதும், தம்பி.”

“அஞ்சு மணி ஃபெரியைப் பிடிச்சாதான் அந்தப் பக்கம் எனக்கு பஸ் கிடைக்கும், அண்ணே” என்று புஷ்பராணி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சற்குணம் பரபரவென்று தாளைப் புரட்டினார். அவசரத்தில் இரண்டு பக்கம் தாவி ஆறாம் ராஜாவில் போய் விழுந்தார். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

அப்போதுதான் அவர் மனைவி பத்மாவதி தேநீரும் வடையும் கொண்டுவந்தாள். இந்த விளையாட்டைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு நாட்டுக் கதையை அளக்கும்போதெல்லாம், வெங்காயம் அரிந்தபடியே ஓர் “உம்” போடுவாள். அன்றைக்குத் தட்டை வைத்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த பைலை மூடுங்க” என்றாள் கணவரிடம். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். “இங்க பாருங்க, நீங்க ரெண்டு பேரும் இப்பதான் படகுல இருந்து இறங்குறீங்க. ஊர் பேரு மணற்றுறை. மழை தூறுது, பாசார் கடையெல்லாம் மூடிட்டாங்க. மேட்டுல கோட்டை வாசல். அங்க நிக்கிற காவக்காரனுக்கு ஒரு காதுதான். இன்னொண்ணு எங்கன்னு கேட்டுராதீங்க, கத்தியை உருவிருவான். இருட்டுறதுக்குள்ள உள்ள போயிரணும், இல்லன்னா காட்டுல இருக்கிறதெல்லாம் கரைக்கு வந்துரும். ஆனா ரெண்டு நாளாப் பட்டினி. படித்துறையில செங்கமலம்னு ஒருத்தி கஞ்சிக்கடை வச்சிருக்கா, அவளுக்குத் தெரியாத சேதி இல்ல. என்ன செய்யப் போறீங்க?”

ஜபருல்லா நிமிர்ந்தான். “நான் கஞ்சிக்கடைக்குப் போறேன், அக்கா. காவக்காரனைப் பத்தி மெதுவா விசாரிக்கிறேன்.”

“நான் மழைக்கு ஒதுங்குற மாதிரி வாசல்கிட்ட போய் நிக்கிறேன்” என்றாள் புஷ்பராணி. கைப்பை தரைக்கு இறங்கியிருந்தது.

சற்குணம் பகடையை எடுத்தார். அதன்பின் அவருக்குக் கோப்பு தேவைப்படவில்லை. ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது புஷ்பராணி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாதிப் படியில் நின்று, “அண்ணே, அடுத்த ஞாயிறு நான்தான் அந்த வாசலைத் தொறப்பேன். அதுவரைக்கும் யாரையும் உள்ள விட்றாதீங்க!” என்று கத்திவிட்டுப் போனாள்.

வீடு அடங்கியதும் சற்குணம் கோப்பைப் புரட்டினார். ஒற்றைக் காதுக் காவலன் பதினேழாம் பத்தியில் இருந்தான். செங்கமலத்தை எங்கும் காணோம்.

“பத்மா, யாரு இந்தக் கஞ்சிக்கடைக்காரி? நான் எழுதவே இல்லையே?”

“நீங்க எங்க எழுதுனீங்க? பதினொரு ராஜா வச்சீங்க, பசிச்சாச் சாப்பிட ஒரு இடம் வச்சீங்களா?” பத்மாவதி தட்டுகளை அடுக்கினாள். “நான்தான் வச்சேன். மூணு வருஷமா கடை நடக்குது.”

அந்த நாட்டில் தன்னைத் தவிர இன்னொருவர் குடியிருப்பார் என்று அவர் நினைத்ததே இல்லை. நாட்டின் வரைபடத்தை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“எந்த இடம்னு காட்டு.”

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, படித்துறையை ஒட்டி விரல் வைத்தாள். “இங்க. பின்னால ஒரு கிணறும் இருக்கு, அதையும் போடுங்க.”